கல்யாணப் படத்துக்கு வீட்டிலேயே ஃபிரேம்: ஒரு பழைய ஜன்னல், இரண்டு பேர், நான்கு கை

எங்கள் அம்மாச்சிக்குக் கல்யாணம் ஆனபோது எடுத்தது ஒரே ஒரு படம். புதுக்கோட்டை வீட்டுக் கூடத்தில், நிலைக்கு மேலே, கயிற்றில் சற்று முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும். என் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க அதை இறக்கினார்கள். உள்ளே தூசி படிந்திருக்கிறதே, துடைத்துவிடலாம் என்று மாமா பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியைத் தூக்கினார். கண்ணாடியோடு படமும் சேர்ந்து வந்தது. "மெதுவா மாமா" என்று நான் சொல்வதற்குள் ஒரு பக்கம் உரிந்துவிட்டது. தாத்தாவின் தோளும் மாலையில் பாதியும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. தாளில் அந்த இடம் வெறும் வெள்ளை.

ஃபிரேமின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பழைய செய்தித்தாளை மைதா பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ராமபாணப் பூச்சி அதை ஓட்டை ஓட்டையாகத் தின்று, அப்படியே உள்ளே போய்ப் படத்தின் ஓரத்தையும் தின்றிருந்தது.

லேபில் பிரிண்ட் போடும் படத்தாளின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது இளகும். கண்ணாடியோடு நேராக ஒட்டிக்கொண்டிருக்கும் படம், பத்துப் பதினைந்து ஐப்பசி கார்த்திகைகளில் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, காய்ந்து, கடைசியில் கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடிக்கு மேலேயே வைத்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், அல்லது வெளிச்சம் பிரதிபலிக்காத இடத்தில் வைத்து நல்ல கேமராவில் எடுத்துவிடுங்கள்.

அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன், நம் படத்துக்கு நாமே ஃபிரேம் போடலாம் என்று. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, சுவர் ஈரம் பின்னால் ஏறக் கூடாது, பூச்சி தின்கிற பசை உள்ளே இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காமல் செய்த ஃபிரேமைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு 8க்கு 12 இஞ்ச் படத்தை எடுத்துக்கொண்டு எல்லா அளவையும் தருகிறேன். வேறு அளவுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

படமும் அளவும்

முதலில் படக்காரரிடம் ஒரிஜினல் ஃபைலை பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் சுருங்கித்தான் வரும். நல்ல பிரிண்டுக்கு ஒரு இஞ்சுக்கு 300 பிக்சல் வேண்டும். 8க்கு 12 என்றால் 2400க்கு 3600. வாட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவில்தான் இருக்கும். அதை 12 இஞ்சுக்கு இழுத்தால் முகம் குழைந்து தெரியும்.

8க்கு 12 எடுத்ததற்கும் காரணம் உண்டு. பெரிய கேமராக்கள் எடுக்கும் படம் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். 4க்கு 6, 8க்கு 12, 12க்கு 18 எல்லாம் அந்த விகிதம்தான், எதுவும் வெட்டுப்படாது. 8க்கு 10 போட்டால் நீளத்தில் வெட்டியாக வேண்டும். கூட்டமாக நிற்கும் படத்தில் ஓரத்தில் நிற்கிற சித்தப்பாதான் போவார்.

தாள் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். லேமினேஷன் வேண்டாம். ஒட்டினால் ஒட்டியதுதான், பின்னால் ஓரத்தில் காற்றுப் புகுந்து உப்பினாலும் எடுக்க முடியாது.

எந்தப் படம் என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு வார்த்தை: மேடையில் இரண்டு பேரும் கேமராவைப் பார்த்து நிற்கிற படம் ஆல்பத்திலேயே நூறு இருக்கும். நாங்கள் எடுத்தது அம்மி மிதிக்கும்போது எடுத்த படம். அவர் குனிந்து என் கால் விரலைப் பிடித்திருக்கிறார், பின்னால் அத்தை சிரிக்கிறார், என் அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிறார். அப்பா அழுததை அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

மரம்

கணவர் ஊரில், கும்பகோணம் பக்கம், ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கழற்றிய தேக்கு ஜன்னல் ஒன்று கொல்லையில் சாத்தியிருந்தது. அதைத்தான் எடுத்தோம். உங்கள் வீட்டில் இப்படி எதுவும் இல்லாவிட்டால் பழைய மரக்கடைக்குப் போங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும், சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய பொருள் தேடிப் போகிறவர்கள் உண்டு. வருஷக்கணக்கில் காய்ந்த மரம் இனிமேல் அதிகம் முறுக்காது, அதுதான் பழைய மரத்தின் பெரிய லாபம்.

சரக்கு வரும் பேக்கிங் பெட்டிகளின் பைன் மரமும் ஃபிரேமுக்கு நல்லதே. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம், எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பழைய ஜன்னலில் பெயின்ட் இருந்தால் கவனமாக இருங்கள். அந்தக் காலத்து எனாமல் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயின்டைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத் தூசி பறக்கும். தண்ணீர் தொட்டு, வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டுத் தேயுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம். வந்த சேற்றைத் துணியில் வழித்துக் குப்பையில் போடுங்கள். செடியடியில் ஊற்ற வேண்டாம்.

மரத்தை மில்லில் கொடுத்து இரண்டு வகை ரீப்பராக, அதாவது நீளமான மரப் பட்டைகளாக, அறுத்து வாங்குங்கள். அகலம் ஒன்றரை இஞ்ச், கனம் அரை இஞ்ச் ஒன்று. அகலம் ஒன்றேகால் இஞ்ச், கனம் அரை இஞ்ச் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஏழு அடி. ஏன் இரண்டு வகை என்பது அடுத்து வரும்.

இங்கே நாங்கள் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணம் ஆவணியில். ஆசை பொறுக்காமல் ஐப்பசி மழையிலேயே முதல் ஃபிரேமைச் செய்துவிட்டோம். அறுத்து வந்த மறுநாளே ஒட்டினோம். பொங்கல் வரை கச்சிதமாக இருந்தது. பங்குனி வெயிலில் நான்கு மூலையும் உள்பக்கம் வாய் திறந்தன. ஒரு மூலைக்குள் விசிட்டிங் கார்டே நுழைந்தது. தெருமுனையில் கடை வைத்திருக்கும் வயதான தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். விரலால் மூலையைத் தடவிப் பார்த்தவர், "மரம் தண்ணி குடிச்சிருக்கும்மா. தை பொறந்தப்புறம் பண்ணியிருக்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது மிகவும் சொற்பம். 45 டிகிரியில் வெட்டிய மூலையில் அகலம் மட்டும் குறைந்தால் வெட்டின் கோணமே மாறிவிடும். வெளிமுனை ஒட்டியபடி இருக்க, உள்பக்கம் பிரியும். ஆகவே தை முதல் பங்குனிக்குள் செய்யுங்கள். அவசரமென்றாலும் அறுத்த ரீப்பரை வீட்டுக்குள், நடுவே குச்சி வைத்து இடைவெளி விட்டு அடுக்கி, இரண்டு வாரமாவது கிடக்கவிடுங்கள்.

கணக்கு

தச்சு வேலையில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். இந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சுலபம்.

படம் 8க்கு 12. அதைச் சுற்றி மவுண்ட் என்று சொல்கிற தடித்த அட்டைச் சட்டம் வரும். அதன் வெளி அளவு 12க்கு 16. நடுவில் வெட்டும் ஜன்னல் 7 இஞ்ச் 6 நூலுக்கு 11 இஞ்ச் 6 நூல். அப்படியென்றால் படத்தின் ஓரத்தில் நாலாபுறமும் ஒரு நூல் மட்டும் அட்டைக்கு அடியில் மறையும், சுற்றிலும் அட்டை 2 இஞ்ச் 1 நூல் அகலம் இருக்கும். இந்த அட்டை அழகுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, தன் கனத்தால் கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி நிறுத்துவது. அம்மாச்சி படத்தில் இல்லாமல்போனது இந்த ஒன்றுதான்.

கண்ணாடி, மவுண்ட், பின் அட்டை எல்லாம் 12க்கு 16. அவை உட்காரும் பள்ளம் அதைவிட ஒரு நூல் பெரிதாக இருக்க வேண்டும், இறுக்கமாக இருந்தால் மரம் அசையும்போது கண்ணாடி விரிசல் விடும். முன்பக்க ரீப்பர் ஒன்றரை இஞ்ச் அகலம். அதில் 2 நூல் பள்ளத்துக்குப் போக, ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் இஞ்ச் வெளியே நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டரை. ஆக, வெளி அளவு: அகலம் 12 இஞ்ச் 1 நூலுடன் இரண்டரை சேர்த்து 14 இஞ்ச் 5 நூல். நீளம் 16 இஞ்ச் 1 நூலுடன் இரண்டரை சேர்த்து 18 இஞ்ச் 5 நூல். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பள்ளம் செய்வது

கடையில் ஃபிரேம் போடுகிறவர்கள் பள்ளம் வெட்டிய மோல்டிங்கையே வாங்கிவிடுவார்கள். வீட்டில் பள்ளம் வெட்ட மெஷின் வேண்டும். அது இல்லாமலே செய்யத்தான் இரண்டு ரீப்பர். அகலமானதன் மேல் குறுகியதை, வெளி ஓரம் சமமாக இருக்கும்படி ஒட்டினால், உள்பக்கம் தானாக 2 நூல் படி கிடைத்துவிடும். அதுதான் கண்ணாடி உட்காரும் இடம்.

முதலில் தோராயமாக, ஒவ்வொரு வகையிலும் 20 இஞ்சில் இரண்டும் 16 இஞ்சில் இரண்டுமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். அழுத்தியதும் மேல் ரீப்பர் வழுக்கும். அதற்கு ஒரு நல்ல வழி: பசையின் மேல் நான்கைந்து இடத்தில் துளித்துளியாகத் தூள் உப்பைத் தூவினால் பிடித்துக்கொள்ளும். படியில் வழிந்த பசையை ஈரத்துணியாலோ பழைய டூத்பிரஷ்ஷாலோ உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், கண்ணாடி சரியாக உட்காராது.

மேலே பாரம் வைக்க வேண்டும். நாங்கள் அத்தை கொடுத்த அம்மிக்கல்லை வைத்தோம். அம்மி இல்லாவிட்டால் பலகை போட்டு மேலே தண்ணீர் நிறைத்த குடங்களை வைக்கலாம். ஒரு நாள் முழுக்க அசைக்காதீர்கள்.

45 டிகிரி வெட்டு

வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. வெட்டுக்கு ஒரு டிகிரி பிசகினால் சுற்றி வரும்போது எட்டு டிகிரி ஆகிவிடும், கடைசி மூலை சேரவே சேராது.

ஹார்டுவேர் கடையில் மைட்டர் பாக்ஸ் என்று கேளுங்கள். மூன்று பக்கம் பலகை வைத்து, ரம்பம் இறங்க 45 டிகிரியில் வாய் வெட்டிய பெட்டி. பல் நெருக்கமான ரம்பமாக வாங்குங்கள். சட்டத்தின் வெளி ஓரம் எப்போதும் பெட்டியின் பின்சுவரைத் தொட்டபடி இருக்கட்டும். வெட்டும் முன் ஒவ்வொரு சட்டத்திலும் படி இருக்கிற பக்கத்தில் 'உள்' என்று பென்சிலால் எழுதுங்கள். இரண்டு முனையையும் ஒரே திசையில் சாய்த்து வெட்டுவதுதான் புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் பண்ணும் தப்பு. வெட்டி முடித்தால் வெளிப்பக்கம் நீளமாகவும் உள்பக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

ஒருவர் சட்டத்தைப் பெட்டியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் அறுப்பது நல்லது. ரம்பத்தை அழுத்தாமல், அதன் எடையிலேயே இறங்கவிடுங்கள். ஒரு முனையை வெட்டியபின், வெளி ஓரத்தில் நீளச் சட்டத்துக்கு 18 இஞ்ச் 5 நூல், அகலச் சட்டத்துக்கு 14 இஞ்ச் 5 நூல் அளந்து, கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே அறுங்கள். மிச்சத்தை உப்புத்தாளை ஒரு நேரான கட்டையில் சுற்றித் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் துல்லியமாக ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சொன்ன அளவைவிட அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கலாம், ஜோடிக்குள் வித்தியாசம் வந்தால் சமாளிக்கவே முடியாது. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து நிறுத்தி, முனையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததும் நகத்தில் தட்டும்.

ஒட்டும் நாள்

இதற்கு இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்ய நினைக்காதீர்கள்.

முதலில் பசை இல்லாமல் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். எல்லா மூலையும் மூடினால் மட்டும் பசையை எடுங்கள். வெட்டிய முனையில் மரத்தின் நார்கள் குழாய்போல் வாய் திறந்திருக்கும். தடவிய பசையை அவை உறிஞ்சிவிடும், மூலை பலமில்லாமல் போவதற்குப் பாதி காரணம் இதுதான். எனவே முதலில் ஒரு பூச்சுத் தடவி ஐந்து நிமிடம் விட்டு, அதன் மேல் இன்னொரு பூச்சுத் தடவிச் சேருங்கள்.

இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. நல்ல நைலான் கயிற்றை ஃபிரேமைச் சுற்றி இரண்டு சுற்றுக் கட்டுங்கள். மூலைகளில் கயிறு மரத்தை அறுக்காமல் இருக்க மடித்த அட்டை வையுங்கள். நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு பென்சிலைக் கயிற்றுக்குள் செருகி முறுக்கினால் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் இறுகும். ஒருவர் முறுக்கும்போது மற்றவர் மூலைகள் மேலும் கீழும் ஏறாமல் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பிடித்தேன், அவர் முறுக்கினார். பசை பிதுங்கி விரலெல்லாம் வெள்ளை. "இன்னும் ஒரு திருப்பு போதும், விடாத" என்று அவர் சொல்லச் சொல்ல, மூலையில் இருந்த மெல்லிய கறுப்புக் கோடு மறைந்தது.

உடனே மூலைக்கு மூலை டேப் பிடித்து அளங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் மூலைகள் நேர்க்கோணத்தில் இருக்கும். எங்கள் அளவுக்கு அது 23 இஞ்ச் 5 நூலுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலைகளை மெதுவாக அமுக்கிச் சரிசெய்யுங்கள். பசை இளக்கமாக இருக்கும் சில நிமிடங்கள்தான் உங்கள் கையில் இருக்கிறது. அப்புறம் தட்டையான தரையில் வைத்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

வெறும் பசையை மட்டும் நம்ப வேண்டாம். காய்ந்தபின் ஒவ்வொரு மூலையின் வெளிமுனையிலும் ரம்பத்தால் குறுக்கே ஒரு சிறு கீறல் போட்டு, தேய்த்து மெலிதாக்கிய ஐஸ் குச்சியைப் பசையோடு செருகுங்கள். காய்ந்ததும் வெளியே நீட்டியிருப்பதை அறுத்துத் தேய்த்துவிட்டால் மூலையில் ஒரு வெளிர் கோடு மட்டும் தெரியும். தேக்கின் பழுப்பில் அது பார்க்கவும் நன்றாக இருக்கிறது. எங்கள் இரண்டாவது ஃபிரேம் ஒரு முழுக் கோடையைத் தாண்டியும் திறக்காமல் நிற்பதற்கு இந்தக் குச்சியும் ஒரு காரணம்.

தேய்ப்பும் பூச்சும்

உப்புத்தாள் 80, பிறகு 120, பிறகு 220. மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயோ சாதாரண வார்னிஷோ போதும். கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்கும் பின்பக்கத்துக்கும் சேர்த்துப் பூசுங்கள். ஈரம் ஏறுவது அங்கிருந்துதான். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள். பூச்சின் வாடை முழுதாகப் போக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை படத்தை உள்ளே வைக்க வேண்டாம்.

உள்ளே வைப்பது

ஃபிரேம் தயாரானபின் கண்ணாடி வாங்குங்கள். பள்ளத்தை அளந்து ஒரு நூல் குறைத்துச் சொன்னால் கண்ணாடிக் கடையில் 2 மி.மீ. கண்ணாடியை அறுத்துத் தருவார்கள். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கட்டிலுக்கு மேலே மாட்டுவதாக இருந்தால் அக்ரிலிக் நல்லது, சற்றுக் கீறல் விழும், ஆனால் உடைந்து மேலே விழாது.

மவுண்ட் போர்டும் படத்துக்குப் பின்னால் வைக்கும் அட்டையும் ஆசிட் ஃப்ரீ என்று கேட்டு வாங்குங்கள். ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாதாரணப் பழுப்பு அட்டையில் உள்ள அமிலம் சில வருஷத்தில் படத்தின் ஓரத்தை மஞ்சளாக்கிவிடும். ஜன்னலை வெட்டும்போது இரும்பு ஸ்கேல் வைத்து, புது பிளேடு போட்டு, பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் அறுக்க நினைக்காமல் நான்கைந்து மெல்லிய இழுப்பாக வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும்.

கூறைப்புடவையின் பிளவுஸ் துணியில் மிச்சம் வைத்திருந்தேன். அதில் அரை இஞ்ச் ஜரிகைக் கரையை மவுண்டின் வெளி ஓரமாக ஒட்டினோம். ஜரிகை நாளாவட்டத்தில் கறுக்கும், அது படத்தைத் தொடக் கூடாது, ஆகவேதான் வெளி ஓரத்தில். மஞ்சள் தடவிய பத்திரிகையையும் சேர்த்து வைக்கலாமே என்று அத்தை கேட்டார். மஞ்சள் படத்தில் ஏறும், வெளிச்சத்தில் வெளுக்கவும் செய்யும் என்று சொல்லி அதற்குத் தனியாகச் சின்ன ஃபிரேம் போட்டுக் கொடுத்தோம். காய்ந்த கல்யாண மாலைப் பூவை வைக்கவும் சிலர் ஆசைப்படுவார்கள். பூச்சி வரும். தவிர, படத்துக்குப் பூ வைத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் மனம் என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும்.

படத்தை எதிலும் ஒட்டாதீர்கள். செலோடேப் பழுத்துப் பிசுபிசுக்கும். நாங்கள் செய்தது இது: ஆசிட் ஃப்ரீ தாளில் சிறு பட்டைகள் வெட்டி, நீளவாக்கில் மடித்து, ஒரு நூல் அகல உதடு மாதிரி வைத்துக்கொண்டோம். பட்டையின் மற்ற பகுதியைப் பின் அட்டையில் ஒட்டிக் காயவிட்டோம். கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அந்த உதடுகளுக்குள் படத்தை மேலிருந்து இறக்கினால் தொட்டிலில் உட்காருவதுபோல் உட்காரும். மேல் ஓரம் சும்மா இருக்கும். உதடு ஒரு நூல் என்பதால் மவுண்டுக்கு அடியில் மறைந்துவிடும். எப்போது வேண்டுமானாலும் படத்தை முழுசாக வெளியே எடுக்கலாம்.

பின் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, மண்டபம், படத்தில் இருப்பவர்கள் யார் யார், என்ன முறை. படத்தின் முதுகில் பேனாவால் எழுத வேண்டாம், எழுத்து முன்னால் புடைத்துத் தெரியும். அம்மாச்சி படத்தில் ஓரத்தில் நிற்கும் சிறுமி யார் என்று சொல்ல இன்று யாரும் இல்லை.

கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஃபிரேமைக் கவிழ்த்து, கண்ணாடி, மவுண்ட், படமுள்ள அட்டை, கடைசியாக 3 மி.மீ. ஹார்ட்போர்டு என்ற வரிசையில் வையுங்கள். அரை இஞ்ச் ஆழத்தில் இவ்வளவும் அடங்கி ஒரு நூல் மிச்சம் இருக்கும். சின்ன ஆணிகளைப் படுக்கவைத்து, சுத்தியலை ஹார்ட்போர்டின் மேல் வழுக்கவிட்டுத் தட்டினால் சட்டத்துக்குள் பாதி இறங்கும், மீதி பலகையைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் முழுவதையும் பிரவுன் பேப்பர் போட்டு ஃபெவிகாலால் ஓரத்தை மூடுங்கள். மைதா பசை வேண்டவே வேண்டாம்.

மாட்டுவது

இந்த அளவு ஃபிரேம் இரண்டு கிலோ பக்கம் வரும். இரண்டு பக்கச் சட்டத்திலும் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி வளையம் வைத்துக் கம்பி கட்டுங்கள். சுவரில் 6 மி.மீ. துளை, பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ. வாடகை வீட்டில் துளை போட விடாவிட்டால், ஒட்டும் கொக்கியைச் சுண்ணாம்புச் சுவரில் நம்பாதீர்கள், பூச்சோடு உரிந்து வரும். அலமாரி மேல் சாய்த்து வையுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

மழைக்கு ஓதம் ஏறும் சுவர், குளியலறையின் மறுபக்கச் சுவர், நேர் வெயில் விழும் சுவர் மூன்றையும் விடுங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் பாட்டில் மூடி கார்க்கை வெட்டி ஒட்டுங்கள். சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்றுப் போக வேண்டும். அந்தக் காலத்தில் சாய்த்து மாட்டியபோது இந்தக் காற்று தானாகவே கிடைத்தது.

மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு முறை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். தாளில் ஈரக் கறை, பொடிப்பொடியான ஓட்டை, உப்பல் எதுவும் இருந்தால் பிரித்து உலர்த்திப் புதுத்தாள் ஒட்டுங்கள். இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம் எங்களுடையதை இறக்கினோம். பிரவுன் பேப்பர் மொடமொடப்பாக அப்படியே இருந்தது. பக்கத்தில் அம்மாச்சியின் படமும் அதே ஜன்னல் மரத்தில் செய்த ஃபிரேமில் தொங்குகிறது, தாத்தாவின் தோள் இல்லாமல், இந்த முறை மவுண்ட் வைத்து.